சேற்றில் விரிந்த காலுக்கு ஒரு ஷூ

எங்கள் வீட்டில் காலில் போடுவது எதுவும் வாசற்படியைத் தாண்டாது. என் கணவரின் செருப்பு, என் ரப்பர் செருப்பு, மகள் சென்னையிலிருந்து வரும்போது கழற்றிப் போடும் உயரமான செருப்பு, எல்லாம் வெளியே சுவரோரமாகக் கிடக்கும். ஒரே ஒரு ஜோடி மட்டும் உள்ளே இருக்கிறது. டிவி வைத்திருக்கும் மர ஸ்டாண்டின் அடித்தட்டில் பழைய பேப்பர் விரித்து, அதன்மேல் வைத்திருக்கிறேன். கறுப்பில் பச்சைக் கோடு போட்ட ஓட்ட ஷூ. ஆண்கள் போடுவது. ஏழாம் நம்பர்.

அதை வைத்த முதல் நாளே என் கணவர் கேட்டார்.

"டிவிக்குக் கீழ கொண்டாந்து வச்சிருக்கியே, விளக்கு ஏத்தப் போறியா?"

"வெளிய வச்சா நாய் கவ்விட்டுப் போயிடும்."

"என் செருப்பையுந்தான் கவ்விட்டுப் போவுது."

"அது போனாப் போவட்டும்" என்றேன்.

இப்படிப் பதில் சொல்கிற ஆள் இல்லை நான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் டீச்சர்' என்று நான் சொல்வது டீச்சருக்குக் கேட்காது. வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தும் வராதவள் என்று பதிவான நாட்கள் உண்டு. எழுந்து நின்று, நான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வராது. அப்படியே பத்தாம் வகுப்புவரை படித்து முடித்தேன். கல்யாணமாகி பாபநாசத்துக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்தேன். இருபத்தைந்து வருடமாக நடவு நடுகிறேன். களை எடுக்கிறேன். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். சம்பா நடவு முடிந்து உடம்பு சோர்ந்து கிடந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். அங்கே இருக்கும் நர்ஸம்மா என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் முறைத்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள்கூட மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்.

"தினம் நடக்கணும்க்கா."

"வயல்ல நடந்துகிட்டுத்தானேம்மா இருக்கேன்."

"அது பின்னாடி நடக்கிறது. நான் சொல்றது முன்னாடி நடக்கிறது."

நடவு நடுகிறவள் பின்பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டே போவாள். அதைத்தான் கிண்டல் செய்தார். மறுநாள் விடிந்ததும் குடமுருட்டி ஆற்றங்கரை ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

நடை எப்படி ஓட்டமானது என்றால், ஒரு நாள் ஆற்றங்கரையில் நேரம் போனது தெரியவில்லை. ஒன்றாகச் சேர்ந்து கூலி வேலை செய்யும் எங்கள் செட்டு ஆட்கள் களைக்குப் போகிற லோடு ஆட்டோ முக்கூட்டு ரோட்டில் ஆறு மணிக்கு நிற்கும். தூரத்திலிருந்தே அது கிளம்புவது தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். பதினோரு பெண்கள் ஆட்டோவில் நின்றுகொண்டு "ஓடுடி, ஓடுடி" என்று கத்தினார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு வாங்கவில்லை.

எங்கள் செட்டுக்கு முன்னால் நிற்கிற அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாருக்கு எத்தனை குழி நிலம், யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அவர் என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஏன்டி, ஒனக்கு உள்ள இருக்கிறது நெஞ்சா, டீசல் எஞ்சினா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று முழுக்க களை எடுக்கும்போது அந்த ஓட்டம் காலில் இருந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை வேண்டுமென்றே ஓடினேன். தை மாதம் முடிவதற்குள் கரை ரோட்டில் மதகிலிருந்து பாலம்வரை நிற்காமல் ஓட முடிந்தது. மகளின் பழைய சுடிதார் பேண்ட்டும், வயலுக்குப் போட்டுக்கொள்ளும் கணவரின் முழுக்கைச் சட்டையும்தான் உடுப்பு.

காலில் ஒன்றும் இல்லாமல்தான் ஓடினேன். நர்ஸம்மாவுக்கு அது தெரிந்ததும் திட்டினார். சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் காலில் அடிபட்டால் சிலசமயம் தெரியாது. புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. "ஷூ வாங்குங்க. இல்லன்னா ஓடாதீங்க" என்றார்.

மாசி மாதம் தஞ்சாவூருக்குத் தனியாகப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஷூ கடை. கண்ணாடிக் கதவு. வழக்கப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். உள்ளே எல்லோரும் காலில் போட்டுக்கொண்டுதான் நடமாடினார்கள். நான் மட்டும் வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்றேன். திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டு வரவும் கூச்சம்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்றேன். என்னை உட்காரச் சொன்னார். ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே தாழ்வாக உட்கார்ந்து, என் காலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

எனக்கு உடம்பே கூசிவிட்டது. என் அப்பா வயதுக்காரர். அவர் என் காலைத் தொடுவதா? அதுவும் இந்தக் காலை? நடவு முடிந்து மூன்று மாதம் ஆகியும் நகக்கண்ணில் சேற்றுக்கறை போகாத கால். குதிகால் முழுக்க வெடிப்பு. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"விடுங்கய்யா, நானே போட்டுக்கிறேன்."

"இது என் வேலைம்மா. கால நீட்டுங்க."

அவரே சாக்ஸ் மாட்டினார். அவரே கயிறு கட்டினார். பெண்களுக்கானது, ஓரத்தில் ரோஸ் நிறம் போட்ட ஷூ. கட்டைவிரலால் முன்னால் அழுத்திப் பார்த்தார்.

"முட்டுதா?"

"இல்லீங்க."

முட்டியது. சுண்டுவிரல் பக்கம் யாரோ கிடுக்கியால் பிடிப்பதுபோல இருந்தது.

"அகலம் சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

"எழுந்து நாலு எட்டு நடந்து பாருங்க."

"வேண்டாங்க. சரியாத்தான் இருக்கு."

அவர் என் காலை விட்டால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான். வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஏறின பிறகுதான் மூச்சு விட்டேன்.

அந்த ஷூவோடு ஐந்து வாரம் ஓடினேன். முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றும் தெரியாது. நாலாவதில், பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், சுண்டுவிரலில் எரிச்சல் தொடங்கும். பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதுச் செருப்பு கடிப்பதில்லையா, அதுபோல. வலது கட்டைவிரல் நகம் நாவற்பழம் மாதிரி கறுத்தது. சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வந்து, உடைந்து, புண்ணானது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மாதான் கண்டுபிடித்தார்.

"என்னக்கா இது?"

"ஷூ கடிச்சிருச்சும்மா."

"கடிக்குதுன்னு தெரியுதுல்ல, அப்புறம் ஏன் போட்டீங்க?"

அவர் மருந்து வைத்துக் கட்டினார். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதுவரை ஓட்டமும் கிடையாது, நடையும் கிடையாது. காலையில் விழிப்பு வந்துவிடும். வாசலில் உட்கார்ந்து கரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நடவு இல்லாத வருடங்களை நான் பார்த்திருக்கிறேன், வேலை இல்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இல்லாத ஒரு தவிப்பு இதில் இருந்தது.

கடைசியாகக் கட்டுப் பிரித்த அன்று சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரை நோய் விழிப்புணர்வுக்காக ஆடி மாதக் கடைசியில் தஞ்சாவூரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். வயதுவாரியாகப் பிரிவு இருந்தது. நான் அதை நின்று படிப்பதை நர்ஸம்மா பார்த்துவிட்டார்.

"பேர் குடுக்கட்டுமா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை.

"குடுக்கிறேன். ஆனா ஒண்ணு. ஷூ சரியா அமையணும். முதல் நாள் என்கிட்ட கால காட்டணும். இன்னொரு புண்ணு வந்துச்சுன்னா, இந்த ஓட்டம் மட்டும் இல்லக்கா, எந்த ஓட்டமும் கிடையாது. நடைதான். புரியுதா?"

புரிந்தது. எல்லாம் இனி ஒரு ஜோடி ஷூவில் இருந்தது.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

"ம்மா, நீ கடைக்கெல்லாம் போவாத. நீ வாயத் தொறக்கவே மாட்ட. நான் ஆன்லைன்ல நல்லதா போட்டு விடுறேன். கால் அளவு மட்டும் எடுத்து அனுப்பு. சுவத்துல குதிகால முட்டுக் குடுத்து, பேப்பர்ல வச்சு வரைஞ்சு, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவுன்னு சொல்லு."

பேப்பரில் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவை வரைந்தேன். மூன்றும் மூன்று அளவு. குனிந்து பென்சிலைப் பிடித்தால் பாதம் திரும்பிவிடுகிறது. பென்சில் பட்டதும் கூச்சத்தில் விரல்கள் சுருங்கிக்கொள்கின்றன. கணவரை வரையச் சொன்னால் ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பார். யோசித்தேன். என் கால் தரையில் நிற்கும்போது சும்மா நிற்கிறது. சேற்றில் நிற்கும்போதுதான் வேலை செய்கிறது. விரல்கள் ஐந்தும் விரிந்து மண்ணைப் பிடிக்கும். அதுதான் என் உண்மையான கால். அதை அளந்தால் போதும் என்று தோன்றியது.

அப்போது ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு ஆரம்பித்திருந்தது. நாங்கள் நட்டுக்கொண்டிருந்த வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பின்பக்கம் யாரும் நடக்காத ஒரு வரப்பு மூலை. சேறு அள்ளிப் புதிதாகப் பூசியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில், எல்லோரும் முன்னால் போனபிறகு, அங்கே போய் ஓடுகிற மாதிரி அழுத்தி வலது காலை வைத்து எடுத்தேன். அச்சு அழகாக விழுந்தது. ஐந்து விரலும் தனித்தனியாக. ஆனால் அப்போதே அளக்க முடியாது. ஓரமெல்லாம் கொழகொழவென்று இருந்தது, டேப் வைத்தால் அமுங்கிவிடும். ஆட்களும் தேடுவார்கள். காய்ந்தால் ஓரம் கத்தி மாதிரி தெளிவாக நிற்கும், அப்போது அளந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாலு நாள் நல்ல வெயில். ஐந்தாம் நாள் தையல் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். நான் நினைத்தபடியே அச்சு ஓடு மாதிரி காய்ந்து தெளிவாக இருந்தது. நீளம் இருபத்து மூன்று சென்டிமீட்டர். அகலமும் எடுத்தேன். மில்லிமீட்டர் சுத்தமாக எழுதி மகளுக்கு அனுப்பினேன். எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

ஷூ வந்தது. நீல நிறம், மெத்தென்று, பார்க்க அவ்வளவு அழகு. அகலமான காலுக்கென்றே செய்தது என்று மகள் சொல்லியிருந்தாள். காலை நுழைத்தேன். பாதிதான் போனது. குதிகால் வெளியே நின்றது. கணவர் ஒரு கரண்டிக் காம்பைக் கொண்டுவந்து நெம்பிப் பார்த்தார். கரண்டி வளைந்தது.

"ஓட்டத்துக்கு வாங்குனியா, பொம்மைக்கு வாங்குனியா?" என்றார்.

போனில் மகள் கத்தினாள். "நீ குடுத்த அளவுக்குத்தானம்மா போட்டேன்! கம்பெனிக்காரன் ஏமாத்தமாட்டான். நீ என்னத்த அளந்த?"

எனக்கே புரியவில்லை. மறுநாள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அச்சு அப்படியேதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். பிறகு எழுந்து நின்று என் வலது காலை அதன்மேல் வைத்தேன்.

போகவில்லை. குதிகால் வைத்தால் விரல் வெளியே நின்றது. விரலை வைத்தால் குதிகால் மேட்டில் ஏறியது. நான் வைத்த தடம், என் கால்தான், ஆனால் அதற்குள் என் கால் நுழையவில்லை.

அப்போதுதான் அந்த அச்சைச் சுற்றி மெல்லிய வெடிப்பு ஓடியிருப்பதைப் பார்த்தேன். இந்தப் பக்கத்துக் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் இறுகிச் சுருங்கும். சித்திரை, வைகாசியில் எங்கள் வயல் பிளந்து கிடக்கும், முழங்கை வரை கையை விடலாம். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த வெடிப்புக்குள் ஒருமுறை என் மூக்குத்தித் திருகுகூட விழுந்து போயிருக்கிறது. வயலையே சுருக்குகிற வெயில் என் பாதத்தை மட்டும் விட்டுவிடுமா? நாலு நாளில் ஒன்றரை சென்டிமீட்டரைக் குடித்துவிட்டிருந்தது.

தனியாக நின்று சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன்போல. செட்டு அக்கா கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தனியா நின்னு என்னடி சிரிப்பு?"

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தது, புண் வந்தது, நர்ஸம்மா சொன்ன கண்டிஷன், மண் அச்சு. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அச்சைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"பத்தாங்கிளாஸ் படிச்சவ! களிமண்ணு காஞ்சா சுருங்கும்னு புஸ்தகத்துல போடலையா?"

மத்தியானத்துக்குள் செட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாற்று முடிகளை வீசிக்கொண்டே ஒவ்வொருத்தியும் ஒன்று சொன்னாள். "அக்கா, ஈரத்துல அளந்தா பன்னெண்டாம் நம்பர், காஞ்சா ஆறாம் நம்பர்." "பேசாம அந்த அச்சையே பேத்தெடுத்துக் கயிறு கட்டிக்கிட்டு ஓடு." நான் குனிந்து நட்டுக்கொண்டே சிரித்தேன். ஒளித்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டதில் ஒரு லேசு இருந்தது.

ஆனால் ஓட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். மகள் நீல ஷூவைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தாள். அடுத்தது வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, அதுவும் எப்படி இருக்குமோ. கரையேறி வாய்க்காலில் காலைக் கழுவும்போது அக்கா என் பக்கத்தில் நின்றார்.

"கடைக்கே போடி. போயி, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. ஒன் காலு ஒனக்குத்தானே தெரியும், கடைக்காரனுக்கா தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை செருப்பைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தேன். பழைய ரோஸ் ஷூவையும் பையில் வைத்திருந்தேன். பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஓடுறேன்னு சொன்ன அம்மாதானே? என்னாச்சு?"

ஷூவை எடுத்து வைத்தேன். "இது எனக்குச் சேரலைங்க. அன்னிக்கே இறுக்கமாத்தான் இருந்துச்சு. கூச்சத்துல சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்த மூன்று வாக்கியத்தையும் பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஷூவின் உள்பக்கத்தைப் பார்த்தார். சுண்டுவிரல் படுகிற இடத்தில் துணி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"இதுல எத்தன நாள் ஓடுனீங்க?"

"அஞ்சு வாரம்."

"அஞ்சு வாரமா!" என்று என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "பல்லக் கடிச்சிக்கிட்டு ஓடுனீங்களா?"

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஒரு பழைய அட்டை கிடைக்குமா, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். பின்பக்கம் கை கழுவுகிற குழாய் இருந்தது. அங்கே ஷூ பெட்டி அட்டையைப் பிரித்துத் தரையில் போட்டார். இரண்டு காலையும் நனைத்து, உதறி, அட்டையில் ஏறி நின்றேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சேற்றில் நிற்கிற மாதிரி அழுத்தி நின்றேன். இறங்கினபோது ஈரத்தடம் இரண்டும் கறுப்பாக, முழுசாக இருந்தன.

"உடனே வரைஞ்சிடுங்கய்யா. காஞ்சாப் போச்சு" என்றேன். அவர் பேனாவை எடுத்து ஓரத்தோடு வரைந்தார். மண் அச்சுக் கதையைச் சொன்னேன். சிரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு என் ரோஸ் ஷூவை எடுத்து அந்தத் தடத்தின்மேல் வைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஷூவின் அடிப்பாகத்துக்கு வெளியே என் சுண்டுவிரல் முழுசாகவும் பக்கத்து விரல் பாதியும் தெரிந்தன. அவ்வளவையும் ஐந்து வாரம் உள்ளே திணித்து வைத்திருந்தேன்.

"நடவு வேலையாம்மா?"

"ஆமாங்க."

"எத்தன வருஷம்?"

"இருபத்தஞ்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "குதிகால் சின்னது, முன்பக்கம் விசிறி மாதிரி. இந்தக் காலுக்கு லேடீஸ்ல எவனும் செய்றது இல்ல. ஜென்ட்ஸ்ல பாப்போம்."

"ஜென்ட்ஸ்னு மேல எழுதியிருக்குமா?"

"பெட்டியில மட்டுந்தான் இருக்கும். பெட்டிய இங்கயே போட்டுட்டுப் போங்க."

நாலு ஜோடி எடுத்து வந்தார். ஒவ்வொன்றின் அடியையும் முதலில் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டு அங்கேயே தள்ளுபடி. மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து காலைப் பிடிக்க வந்தபோது இந்தத் தடவை இழுத்துக்கொள்ளவில்லை. கூச்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் என் காலில் பார்ப்பது கறையை அல்ல, அகலத்தை என்று தெரிந்துவிட்டது.

"முட்டுதா?"

"கட்டைவிரல் முட்டலைங்க. சுண்டுவிரல் பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்துது. குதிகால் நல்லா இருக்கு."

"அப்பிடிச் சொல்லுங்க!" என்றார்.

கடைசி ஜோடி கறுப்பும் பச்சையும். போட்டதும் விரல்கள் உள்ளே விரிந்தன. முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. ஆனால் குதிகால் லேசாகக் கழன்றது. அவர் கயிற்றை மேல் ஓட்டை வரை ஏற்றி, ஒரு சுற்றுக் கூடுதலாகக் கோர்த்துக் கட்டினார். கழலவில்லை. நடந்து பார்க்கச் சொன்னார். கடைக்குள் நடந்தேன். பிறகு, "கொஞ்சம் வெளிய ஓடிப் பாத்துக்கலாமாங்க?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

அந்தத் தெருவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூக்கடை வரை ஓடித் திரும்பினேன். ஒரு ஆட்டோக்காரர் "பஸ்ஸுக்காம்மா?" என்று வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் வாசலில் நின்று, "இல்லப்பா, ஷூவுக்கு" என்றார்.

பெட்டியை விட்டுவிட்டு வரவில்லை. பெட்டியோடுதான் வாங்கிக்கொண்டு வந்தேன். தடம் வரைந்த அட்டையையும் மடித்து அதற்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரமும் தினம் வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றி, சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். விரல் இடுக்குகளைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நான் ஓடிப் பார்த்தது இல்லை. முதல் நாள் சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா என் இரண்டு காலையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க. ஆனா முடிச்ச பிறகும் பாப்பேன்" என்றார்.

தஞ்சாவூரில் விடிகாலையிலேயே அவ்வளவு கூட்டம். கொடுத்த மஞ்சள் பனியனைச் சுடிதார் பேண்ட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், என் மகள் வயது, காதில் ஏதோ மாட்டியிருந்தாள், என் காலைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது ஜென்ட்ஸ் ஷூதானே?"

"ஆமாம்மா. என் காலுக்கு அதுதான் சரி" என்றேன். சொன்ன பிறகுதான், குரல் எனக்கே தெளிவாகக் கேட்டதைக் கவனித்தேன்.

ஓட்டம் தொடங்கியது. எல்லோரும் வேகமாகப் போனார்கள். நான் என் ஓட்டத்தை ஓடினேன். நாலாவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்ததும் மனசு சுண்டுவிரலுக்குப் போய்விட்டது. ரோஸ் ஷூவில் இந்தத் தூரத்தில்தான் எரிச்சல் தொடங்கும். வருகிறதா என்று காத்துக்கொண்டே ஓடினேன். வரவில்லை. ஐந்தாவதிலும் காத்தேன். ஆறு தாண்டியது. அதற்குமேல் நான் பார்க்காத தூரம். ஏழாவது பலகைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. தண்ணீர் நிறைந்து ஓடியது. அந்த இடத்தில்தான் சுண்டுவிரலை நான் மறந்துவிட்டேன் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு கால் வேறு, ஷூ வேறு என்று இல்லை. வேகமாகப் போனவர்களில் பாதிப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். காதில் மாட்டிய பெண்ணையும் தாண்டினேன். "சூப்பர் ஆன்ட்டி" என்று கையைத் தூக்கினாள்.

நிற்காமல் ஓடி முடித்தேன். என் வயதுப் பிரிவில் நாலாவதாக வந்தேன். பரிசு மூன்று பேருக்குத்தான். ஓடி முடித்த எல்லோருக்கும் ஒரு மெடல் உண்டு, அதைக் கழுத்தில் போட்டார்கள். கணவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் ஏறினதும் பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம் பொண்டாட்டி. பத்து கிலோமீட்டர்" என்றார். அந்த ஆள் எதுவும் விசாரிக்கவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. குறுவைக்குக் களை எடுக்கப் போனோம். வரப்பில் எல்லோரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருக்கும்போது அக்கா கூப்பிட்டார்.

"ஏ, இங்க வா. கால காட்டு."

காலையிலேயே நர்ஸம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, "அடுத்தது எப்ப?" என்று மட்டும் கேட்டிருந்தார். ஆனாலும் வரப்பில் உட்கார்ந்து வலது காலை நீட்டினேன். இழுத்துக்கொள்ளவில்லை. அக்கா கண்ணைச் சுருக்கிச் சுண்டுவிரலைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். கறுத்த நகம் விழுந்து புதிது பாதி முளைத்திருந்தது. காலைத் திருப்பி உள்ளங்காலையும் பார்த்தார். பத்துப் பெண்களும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு கீறல் இல்லையேடி! நெசமா ஓடுனியா, இல்ல ஆட்டோல போயி எறங்குனியா?"

"ஓடுனேன்க்கா. நின்னு நடக்கக்கூட இல்ல."

"எத்தனாவது?"

"நாலாவது."

நான் அதை அந்த வயலின் மறுகரை வரை கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்போல. அங்கே உரம் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா என் காலைக் கீழே விட்டார். தன் இடது காலைத் தூக்கி என் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையதைவிட ஒரு விரற்கடை அகலமாக இருந்தது.

"என்னுது எத்தன நம்பர் வரும்?" என்றார்.

"அட்டை கொண்டாறேன்க்கா" என்று சொல்லிவிட்டு, சேற்றில் இறங்கினேன்.